நாங்கள் கூட்டிப் பெருக்கிய காடு

நகராண்மைக் கழகத் திட்டப் பிரிவில் பிளான் வரைவது என் வேலை. எந்த நகராண்மைக் கழகம் என்று சொல்லப்போவதில்லை. கோலா சிலாங்கூர் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். முன்பு மேசை மேல் குனிந்து பேனாவால் வரைந்தோம், இப்போது கணினியில் வரைகிறோம். முதுகு வலி மட்டும் மாறவில்லை. நிலம் வாங்கி வீடு கட்டி விற்கும் மேம்பாட்டாளர்கள் அனுப்பும் பிளானில் ரோட்டின் அகலம் சரியா, கால்வாய் எங்கே போய்ச் சேர்கிறது, பூங்காவுக்கு என்று விட்ட இடம் நிஜமாகவே பூங்காவுக்குத்தானா, இல்லை மின்கோபுரத்துக்கு அடியில் கிடக்கும் மிச்சமா என்று பார்த்து அதிகாரிக்குக் குறிப்பு எழுத வேண்டும். மரம் என்றால் எங்களுக்கு ஒரு வட்டம். பெரிய மரத்துக்குப் பெரிய வட்டம், சின்ன மரத்துக்குச் சின்ன வட்டம். இருபது வருடத்துக்கு மேலாக வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை என் மேசைக்கு வந்த பைலைத் திறந்தால், நான் பிறந்த தோட்டம். தோட்டம் கைமாறிவிட்டது, எண்ணெய் எடுக்கும் செம்பனையை வெட்டிவிட்டு வீடு கட்டப் போகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும். என் அண்ணன் இன்னும் அங்கேதான், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்தார். ஆனால் முழுப் பிளானை அன்றைக்குத்தான் பார்த்தேன். லயம் இருந்த இடத்தில் கடை வரிசை. பழைய ஆபிஸ் இருந்த இடத்தில் பெட்ரோல் நிலையம். தெற்கு மூலையில், இருப்பதிலேயே தாழ்வான இடத்தில், நீல நிறத்தில் முட்டை வடிவத்தில் வெள்ளநீர் தேங்குவதற்கு ஒரு குளம். அந்த நீல முட்டைக்கு அடியில்தான் எங்கள் காடு இருந்தது. 

அண்ணன் அங்கே இருக்கிறார் என்று ஆபிஸில் யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பைலை வேறு ஆளிடம் கொடுத்திருப்பார்கள், விதி அப்படி. எனக்கு அந்தப் பைல் வேண்டியிருந்தது. சொந்தபந்தம் இருந்தால் அறிவிக்க வேண்டும் என்று எழுதிய தாளில் நானும் வருடா வருடம் கையெழுத்துப் போடுகிறவள்தான். தெரிந்தேதான் செய்தேன்.

காடு என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். செம்பனைக்கு நடுவில் மூன்று ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். தோட்டம் போட வந்த வெள்ளைக்காரர்கள் அந்த இடத்தை மட்டும் வெட்டாமல் விட்டார்கள். பக்தியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சதுப்பு. வெட்டிய மரத்தை யானை கட்டி இழுத்தாலும் வெளியே கொண்டுவர முடியாது என்று விட்டிருப்பார்கள். பிறகு கித்தா என்கிற ரப்பர் மரத்தையெல்லாம் அழித்துச் செம்பனை போட்டபோது ஒரு டிராக்டர் அங்கே இடுப்பளவு புதைந்தது, மறுபடியும் விட்டுவிட்டார்கள். இப்படியே இரண்டு முறை தப்பித்த காடு அது. உள்ளே கெம்பாஸ் மரங்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அதில் ஒன்றின் அடியில் ஒரு கல், அதுதான் முனி. கூரை கிடையாது, மணி கிடையாது. வருடத்துக்கு ஒரு தரம் கிடா வெட்டிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவோம். மற்ற நாளில் உள்ளே போனால் அட்டை ஏறும், பிரம்புக் கொடியின் முள் சட்டையைக் கிழிக்கும். சின்ன வயதில் எனக்கு அந்தக் காட்டைக் கண்டாலே ஆகாது. அதற்காக ஏங்கினேன் என்றெல்லாம் சொன்னால் பொய்.

அண்ணன் கதை வேறு. அவர் களை கொல்லும் மருந்து அடிக்கும் கேங்குக்கு மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்தவர். தோட்டம் கைமாறியபோது, லயத்தில் மிச்சமிருந்த குடும்பங்கள் வீட்டைக் காலி செய்து கொடுத்தால் ஆளுக்கொரு மலிவு விலை அடுக்குமாடி வீடு என்று பேச்சு வந்தது. யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஆறு மாதம் இழுத்தது. புதுக் கம்பெனியின் ஆள் ஒருவர் அண்ணனைக் கூப்பிட்டு, "காட்ட நாங்க தொட மாட்டோம், நீங்க சொல்லி மத்தவங்கள கையெழுத்துப் போட வைங்க" என்றாராம். வாயால் சொன்னதுதான். ஒரு தாளும் கிடையாது. அண்ணன் அதை நம்பிவிட்டார். லயத்துக்கு முன்னால் எல்லாரையும் உட்கார வைத்து, "வீடு போனா போவுது. காடு நிக்கும், முனி நிப்பாரு. நிக்கலன்னா என்னைய வந்து கேளுங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர் முகத்துக்காக ஒவ்வொருவராகப் போட்டார்கள். கடைசி வீட்டு அக்கா மட்டும் மூன்று நாள் பிடிவாதம் பிடித்தார். அண்ணனை விடப் பத்து வயது மூத்தவர், யாருக்கும் பயப்படாதவர். கடைசியில் பேனாவை வாங்கிக்கொண்டு, "உன் மூஞ்சிக்காகப் போடுறேன் தம்பி. காடு போச்சுன்னா அப்புறம் ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றாராம்.

இப்போது அந்தக் காட்டின் மேல் நீல முட்டை. என் அண்ணன் முட்டாள் இல்லை. ஆனால் ஒருவர் கண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் அது எழுத்துக்குச் சமம் என்று நினைக்கிற ஆள். இந்தக் காலத்தில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு மாரடிப்பது லேசா?

அன்று சாயங்காலமே தோட்டத்துக்குப் போனேன். பிளானைப் பற்றிச் சொன்னேன். அண்ணிதான் அடுப்படியிலிருந்து, "நான் அப்பவே சொன்னேன், கேட்டாரா?" என்றார். அண்ணன் என்னைப் பார்த்து, "ஒன் ஆபிஸ்ல ஒன்னும் செய்ய முடியாதா?" என்று கேட்டார்.

ஒரு வழி இருந்தது. சுற்றளவு எண்பது சென்டிமீட்டருக்கு மேல் உள்ள மரத்தை எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் வெட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அதை நம்பிப் பயனில்லை. அனுமதி கேட்டால் கிடைத்துவிடும், பதிலுக்கு வேறு எங்காவது கன்று நட்டால் போதும். ரோட்டோரம் குச்சி கட்டி நிற்கிறதே, அந்த மாதிரிக் கன்று. மொத்தக் காடும் நிற்க வேண்டும் என்றால் வேறு வழி. அந்த இடம் ஒரு காலத்திலும் அழிக்கப்படாத இயற்கைக் காடு என்று காட்ட வேண்டும். பெரிய மரம் மட்டும் இருந்தால் போதாது. அதற்குக் கீழே இளமரம், அதற்குக் கீழே நாற்று, கொடி, புதர், மக்கிய இலை, எல்லாம் அடுக்கடுக்காக இருக்க வேண்டும். இருந்தால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டுக் குளத்தை வேறு பக்கம் தள்ளு என்று மேம்பாட்டாளருக்கு நிபந்தனை போடலாம். அக்கம்பக்கத்து ஆட்கள் ஆட்சேபக் கடிதம் கொடுத்தால் மர அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், பிறகு விசாரணை நடக்கும்.

கடிதத்தை அண்ணன் பெயரில் நானே எழுதினேன். மலாயில், ஆபிஸ் பாஷையில், இரண்டு பக்கம். நாற்று, கொடி, மக்கிய இலை, ஒன்றையும் விடவில்லை. லயத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசி வீட்டு அக்காவும் போட்டார். அந்தக் கடிதம் இரண்டு நாள் கழித்து என் மேசைக்கே வந்தது. பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்திப் பைலில் சேர்த்தேன்.

மர அதிகாரி வரும் தேதியை முன்கூட்டியே யாருக்கும் சொல்வதில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை வேறு ஓர் இடத்தில் தேதியைச் சொல்லிவிட்டு நாங்கள் போய் இறங்கியபோது, பார்க்க வேண்டிய மரங்கள் எல்லாம் முந்தின நாளே கட்டையாகி லோரியில் ஏறிக்கொண்டிருந்தன. அதிலிருந்து தேதி ரகசியம். அதிகாரி, டிரைவர், பிளானோடு கூடப் போகிற ஆள், மூன்று பேருக்குத்தான் தெரியும். இந்த முறை கூடப் போகிற ஆள் நான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், காருக்குள் உட்கார்ந்துகொண்டு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, செவ்வாய்க்கிழமை காலையில வராங்க. நான் சொன்னேன்னு வெளிய தெரிஞ்சுது, என் வேல போயிரும்."

"நான் யாருகிட்ட சொல்லப்போறேன்? மரம் பாக்குற ஆபிசரா?"

"ஆமா. பொம்பள ஆபிசர். உள்ளாற நடந்து பாப்பாங்க."

"எங்கிட்டு நடக்கிறது? காடு பூரா செடியும் கொடியுமா மண்டிக் கெடக்குது. கால வைக்க முடியாதுலா. நம்மளப் பத்தி என்னா நெனப்பாங்க?"

"கொஞ்சம் வெட்டி விடுங்க."

"வெட்டிக் கூட்டிட்டு மருந்தும் அடிச்சிர்றேன். செவ்வாய்க்கு பளிச்சுன்னு இருக்கும்."

"அடிங்கண்ணே. நல்லா இருக்கட்டும்."

இதைச் சொன்னது நான். நாற்று, கொடி, மக்கிய இலை என்று இரண்டு பக்கம் எழுதிய அதே நான். போனை வைத்துவிட்டுச் சந்தோஷமாகச் சோறு சாப்பிட்டேன். ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. எப்படித் தோன்றாமல் போனது என்று பிறகு எத்தனையோ தரம் தலையில் அடித்துக்கொண்டாயிற்று.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். பெரிய துரை பார்வையிட வருகிறார் என்றால் மூன்று நாளைக்கு முன்பே ஆபிஸ் கிளார்க்கான கிராணி வந்து சொல்லிவிடுவார். லயத்து வாசலைக் கூட்டுவார்கள், கால்வாய் ஓரத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், மரத்தைச் சுற்றிப் புல் இல்லாமல் வட்டமாகச் செதுக்குவார்கள். புல் மண்டிக் கிடந்தால் அந்த மண்டோருக்கு அன்றைக்குக் கிழி விழும். வெறும் தரை தெரிந்தால்தான் அந்த இடம் ஒழுங்கான இடம். என் அண்ணன் முப்பது வருடம் செய்த வேலையே அதுதான், எங்கேயும் பச்சையாக எதுவும் முளைக்காமல் பார்த்துக்கொள்வது. ஆபிசர் வருகிறார் என்றதும் அவர் கை தானாக மருந்துப் பம்பைத் தேடிப் போனது. என் வாய் தானாக "அடிங்க" என்றது. டவுனுக்கு வந்து, படித்து, அரசாங்க வேலையில் இருபது வருடம் உட்கார்ந்து, எல்லாம் செய்தும் பெரிய துரை வருகிறார் என்றால் நான் இன்னும் லயத்துப் பிள்ளைதான்.

செவ்வாய்க்கிழமை காலை நகராண்மைக் கழகத்து ஹைலக்ஸ் வண்டியில் போனோம். மர அதிகாரி மலாய்க்காரப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். வேலையில் படு கெட்டி. கடிதத்தை நாலைந்து தரம் படித்திருந்தார். வழியெல்லாம் அதைப் பற்றியே பேச்சு. இந்தப் பக்கம் தாழ்நிலத்தில் இப்படி ஒரு துண்டு மிச்சமிருக்கிறது என்றால் நம்பவே முடியவில்லை என்றார். வண்டியிலேயே அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரைக்கும் துணி உறை மாட்டிக்கொண்டார். எனக்கும் ஒரு ஜோடி கொடுத்தார்.

செம்பனை வரிசை முடிந்து வண்டி திரும்பியதும் பார்த்தேன். காட்டுக்கு முன்னால் மேசை போட்டு, பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, சிரப் தண்ணீரும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். எல்லாரும் நல்ல உடுப்பில் நின்றார்கள். அண்ணன் கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் காடு திறந்து கிடந்தது. கெம்பாஸ் மரங்கள் தனித்தனியாக நின்றன. நடுவில் ஒன்றுமே இல்லை. புதரை வெட்டி, இளமரத்தையும் வெட்டி, வாரிக் குவித்து எரித்திருந்தார்கள். சாம்பல் இன்னும் புகைந்தது. வேரோடு வராததெல்லாம் மருந்து பட்டு மஞ்சளாகத் தலை தொங்கிக் கிடந்தது. முனிக்கல்லைச் சுற்றி மணல் கொட்டிச் சீப்பால் வாரியது போல் கோடு இழுத்திருந்தார்கள். பெரிய மரங்களின் அடிக்குச் சுண்ணாம்பு.

ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நல்லவேளை, தமிழில்.

அதிகாரி வண்டியை விட்டு இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து காலுறை இரண்டையும் கழற்றி, மடித்து, பைக்குள் வைத்துவிட்டு இறங்கினார். அண்ணன் ஓடி வந்தார். "செலாமாட் பாகி, புவான். இப்பத்தான் நல்லா நடக்கலாம்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். என்னையும் பார்த்து, முன்பின் தெரியாத மேடத்துக்குக் காலை வணக்கம் சொல்வது போல, "செலாமாட் பாகி, புவான்" என்றார். அவர் முகத்தில் அத்தனை பெருமை. இரண்டு நாளாக எல்லாரும் சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள். கடைசி வீட்டு அக்கா விளக்குமாறோடு நின்றார்.

அதிகாரி யாரையும் திட்டவில்லை. மரத்தை ஒவ்வொன்றாக அளந்தார். நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தேன்.  எண்பது சென்டிமீட்டருக்கு மேல் பதினொரு மரம். அதற்குக் கீழே இருந்தவற்றை அளக்க வேண்டிய வேலையே இல்லாமல் போய்விட்டது. அளந்து முடித்து, சிரப் தண்ணீர் குடித்து, நன்றி சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். பாதி வழியில், "கடிதம் எழுதியவர் இந்த இடத்தைப் பார்த்துத்தான் எழுதினாரா?" என்று கேட்டார். நான் வெளியே பார்த்துக்கொண்டு, தெரியவில்லை என்றேன்.

அறிக்கை ஒரு பக்கம். பெரிய மரங்கள் பதினொன்று, கீழ்த்தாவரம் இல்லை, இயற்கையான மறுவளர்ச்சிக்கு அடையாளம் இல்லை. பிளானில் அந்த இடத்தைப் பச்சைக்கோடு போட்டுக் காடாகக் காட்டலாமா என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். பதினொரு வட்டம் போட்டேன்.

அன்று சாயங்காலம் போய் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவே இல்லை. "சுத்தமா வச்சா தப்பா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். புரிந்ததும் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "முப்பது வருசமா மருந்தடிச்சு மருந்தடிச்சு ஒங்களுக்குப் பச்சையக் கண்டாலே ஆவாது" என்று கத்திவிட்டேன்.  "அடிங்க" என்று நான் சொன்னதை அவர் எடுத்துக்காட்டவே இல்லை. எடுத்துக்காட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆனாலும் விசாரணை பாக்கி இருந்தது. வேரும் விதையும் மண்ணுக்குள் இருந்தால் காடு மறுபடி எழும்பும், அண்மையில்தான் அழித்தார்கள் என்று காட்டினால் அதைக் காடாகவே கணக்கில் எடுக்கலாம். மர அதிகாரியே இதை ஆபிஸில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க லயத்தில் ஆளாளுக்குப் போனைத் திறந்து பழைய படங்களைத் தேடினோம். கிடா வெட்டிய அன்று எடுத்த படங்கள். முன்னால் ஆட்கள் சிரித்துக்கொண்டு நிற்க, பின்னால் ஆள் உயரத்துக்குச் செடி கொடி. டவுனில் கொடுத்துப் பெரிதாக அச்சடித்து ஓர் உறையில் போட்டேன்.

"கேட்டா உள்ளதச் சொல்லுங்க" என்றேன். "இப்பத்தான் வெட்டுனோம், அதுக்கு முன்னாடி காடாத்தான் இருந்துச்சுன்னு சொல்லி படத்தக் காட்டுங்க. போதும்."

அண்ணன் படங்களைப் பார்த்துக்கொண்டே, "ஏன் வெட்டுனீங்கன்னு கேப்பாங்க" என்றார்.

"ஆபிசர் வராங்கன்னு வெட்டுனோம்னு..." நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

"வராங்கன்னு எப்படித் தெரியும்னு கேப்பாங்க."

அண்ணி அடுப்படியில் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். எனக்கு இன்னும் பன்னிரண்டு வருடம் வேலை இருந்தது. பெரிய மகன் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தான். கணவர் செரண்டாவில் வேலை பார்த்த தொழிற்சாலை மூடி மூன்று மாதம். இதெல்லாம் அண்ணனுக்கும் தெரியும். நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: என் பேரைச் சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். அது வாய் வரைக்கும் வந்தது. "அது வந்தப்ப பாத்துக்கலாம்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

விசாரணை ஒரு புதன்கிழமை, நகராண்மைக் கழக மாடியில், சிறிய கூட்ட அறையில். குறிப்பெடுக்கும் பெண் பிரசவ விடுமுறையில் இருந்ததால் அந்த வேலையையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். நடுவில் தலைமை அதிகாரி, வயதானவர், நிதானமானவர். ஒரு பக்கம் மர அதிகாரி, இன்னொரு பக்கம் மடிக்கணினியோடு நான். எதிரே மேம்பாட்டாளரின் ஆலோசகர், இஸ்திரி கலையாத சட்டை. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அண்ணன். மடியில் அந்த உறை. பின் வரிசையில் அண்ணியும் கடைசி வீட்டு அக்காவும் லயத்து ஆட்கள் ஆறேழு பேரும்.

ஆலோசகர் அறிக்கையைப் படித்துக் காட்டினார். காடு என்று கடிதம் சொல்கிறது, அறிக்கையில் காடு இல்லை, பதினொரு மரத்துக்கும் பதில் கன்று நட்டுவிடுகிறோம் என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

மர அதிகாரி மேசையில் முன்னால் சாய்ந்தார். அண்ணனைப் பார்த்து மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, மலாயில் கேட்டார்.

"ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சாம்பல் புகைஞ்சத நான் பாத்தேன், ஆனா அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும். அந்த இடத்த எப்ப துப்புரவு செஞ்சீங்க? இப்பத்தான் செஞ்சீங்கன்னா காடு திரும்ப வளரும். அத நான் எழுதலாம்."

அண்ணனின் கை உறையின் மேல் போனது. நான் தட்டச்சு செய்வதை நிறுத்தினேன்.

அதற்குள் ஆலோசகர் குறுக்கிட்டார். "மன்னிக்கணும். இவங்க இப்பத்தான் துப்புரவு செஞ்சாங்கன்னா, அதிகாரி வர்ற தேதி முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அது ரகசியம். யார் சொன்னதுன்னு முதல்ல கேட்டுப் பதிவு செய்யணும்."

தலைமை அதிகாரி தலையசைத்தார். "அது நியாயமான கேள்விதான். ஆனா முதல்ல இதுக்குப் பதில் வரட்டும். ஐயா, இந்த இடம் தொடர்ந்து துப்புரவு செய்யப்பட்ட இடம்னா அத காடா எடுத்துக்க முடியாது, மரங்கள மட்டுந்தான் பாக்க முடியும். இப்பத்தான் செஞ்சதுன்னா வேற மாதிரி. எப்ப செஞ்சீங்க?"

அண்ணன் என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்த்திருந்தால் நான் எழுந்திருப்பேன் என்று இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் பார்க்கவில்லை. தலைமை அதிகாரியையே பார்த்தபடி, தோட்டத்து மலாயில், சத்தமாகச் சொன்னார்.

"நாங்க எப்பவுமே அப்படித்தான் துவான் வச்சிருப்போம். வருசம் பூரா வெட்டி, மருந்தடிச்சு சுத்தமாத்தான் இருக்கும். யாரும் ஒன்னும் சொல்லல."

பின்னால் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கடைசி வீட்டு அக்கா எழுந்துவிட்டார். அவருக்கு மலாய் நன்றாகத் தெரியும். "என்னாப்பா சொல்ற நீ?" என்று தமிழில் கேட்டார். அண்ணன் திரும்பவில்லை. அக்கா இன்னும் கொஞ்ச நேரம் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அண்ணி மட்டும் இருந்தார்.

மர அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"முக்கியமான வாக்குமூலம்" என்றார் தலைமை அதிகாரி. என் பக்கம் திரும்பி, "அத அப்படியே பதிவு செஞ்சு, அவருக்குப் படிச்சுக் காட்டிருங்க. சரியான்னு கேட்டுக்கணும்" என்றார்.

தட்டச்சு செய்தேன். இரண்டு வரிதான். படித்தேன். அந்த இடம் வருடம் முழுவதும் தொடர்ந்து வெட்டி, மருந்து தெளித்துத் துப்புரவாக வைக்கப்பட்டு வருகிறது. வருகையைப் பற்றி எவரும் முன்கூட்டித் தகவல் தரவில்லை. என் குரல் நன்றாகத்தான் இருந்தது. இருபது வருடப் பழக்கம்.

"சரியா இருக்கா, ஐயா?" என்று கேட்டேன்.

"சரிதான், புவான்" என்றார் என் அண்ணன்.